முசேவுக்கு எதிராக ஒரு சுற்றறிக்கை

2024ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், சனிக்கிழமை. அக்கினி நட்சத்திரம் தொடங்கி எட்டாம் நாள். புதுச்சேரியை அடுத்த ஒதியம்பட்டில் காலை பத்து மணிக்கே காற்று அடியோடு நின்றுவிட்டது. தென்னையில் ஓர் ஓலைகூட அசையவில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி, போட்டவர் வீட்டுக்குள் திரும்புமுன் காய்ந்து விறைத்தது. அன்று பிற்பகல் ஒன்றரை மணிக்கு, சுறாப்புட்டும் ரசமுமாக வயிறார உண்டுவிட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்த ஜெயசீலன், தம் தலையணையில் வேறொருவர் படுத்திருக்கக் கண்டார்.

பூனை.

வெள்ளைப் பூனை, மூக்கின் கீழே மட்டும் கறுப்பு மீசை. பழைய பிரெஞ்சுக்காரத் துரையைப் போன்ற அந்த மீசைக்காக அதற்குப் பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்படும் 'முசே' என்னும் பெயரை இட்டவர் ஜெயசீலனின் மனைவி மதலேனாள். பெயரிட்டதோடு நில்லாமல் மரியாதைப் பன்மையும் கொடுத்திருந்தார்.

"எழுப்பாதீங்க. முசே தூங்குறாரு" என்றார் மதலேனாள், கட்டிலின் மறுபக்கத்திலிருந்து.

"நான் எங்கடி தூங்கறது?"

"கால்மாட்டுல எடம் கெடக்குதே."

ஜெயசீலன் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அவருக்கு வாழ்க்கையில் எஞ்சியிருந்த பதவி ஒன்றே: பகல் தூக்கம். மகள் ரோஸ்லின் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய ஏசி அந்த ஓர் அறையில்தான் இருந்தது. அதன் காற்று நேராக வந்து விழும் இடத்தை, விட்டத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டு, அது ஆடும் திசையை இரண்டு நாள் ஆராய்ந்து, அவர் கண்டுபிடித்திருந்தார். தலையணையை அங்கே வைத்தார். முசே நூல் இல்லாமலே அதே இடத்தைக் கண்டுபிடித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெயசீலன் அறைக்குள் நுழைந்தால் முசே தும்மும். ஒரு முறையன்று, மூன்று முறை. அதை அவர் கீழ்ப்படியாமை என்றே கருதி வந்தார்.

அன்றும் மூன்று முறை தும்மியது. தும்மிவிட்டுத் திரும்பிப் படுத்தது.

பெந்தகோஸ்து திருநாளுக்குள் இந்தப் பூனை இந்த அறையைவிட்டு வெளியேறும். இல்லையேல் தம் பெயர் ஜெயசீலன் அன்று என்று கால்மாட்டில் சுருண்டவாறே அவர் உறுதி பூண்டார். பெந்தகோஸ்துக்கு எட்டு நாள் இருந்தது.

மாலையில் அடுத்த வீட்டு இருசப்பன் தன் வாடகைக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணே, மூஞ்சி இப்பிடித் தொங்குது?"

"எங்க வூட்டுல பூனைக்குத்தான்டா ஏசி. எனக்குக் கால்மாடு."

"அந்தப் பூனையா? பூனைன்னதும் ஞாபகம் வருது. போன வாரம் ஒரு சவாரி. ஒரு அம்மா பூனையக் கூடையில வச்சினு ஏறுச்சி. ஏறினதும் இன்னா சொல்லுச்சி தெரியுமா? கார்ல மாட்டியிருந்த வாசனை டப்பாவைக் கயட்டச் சொல்லுச்சி."

"ஏன்டா?"

"பூனைக்கு அந்த வாசனை எண்ணெயெல்லாம் ஆகாதாம். அத செரிக்கிற சக்தி அதோட ஈரலுக்குக் கெடையாதாம். டாக்டரு சொன்னாராம்."

ஜெயசீலனின் முகம் மெல்ல மலர்ந்தது. அவர் கொடியவர் அல்லர். பூனைக்கு ஒரு தீங்கும் நேர்வதை அவர் விரும்பவில்லை. அவர் வேண்டியது பணியிட மாற்றம் மட்டுமே. அறையில் ஒரு வாசனைக் கருவியை மாட்டுவது. மூடியைத் திறக்காமலே, சுவிட்சைப் போடாமலே மாட்டுவது. பிறகு, பூனையின் நலனை முன்னிட்டே பூனையை வெளியேற்றுவது. அன்பே உருவான திட்டம்!

திட்டம் முழுவதையும் இருசப்பனிடம் சொன்னார். சொல்லாமல் எப்படி இருப்பது?

"யாருகிட்டயும் மூச்சு விடாதே, ஆமா."

"நானா? போங்கண்ணே, நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

இருசப்பன் இரகசியம் காப்பான் என்று நம்பிய மனிதர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தாம்.

திங்கட்கிழமை வில்லியனூருக்குப் போய், சுவரில் செருகும் லவெண்டர் மணக் கருவி ஒன்றை வாங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை காலை படுக்கையறைக் கதவில் பின்வரும் ஆணை ஒட்டப்பட்டிருந்தது:

'சுற்றறிக்கை எண் 1/2024. பொருள்: பூனையின் உடல்நலம் பேணுதல். பார்வை: மருத்துவர் கருத்து. வாசனை எண்ணெய் பூனைக்குக் கேடு விளைவிப்பது தெரிய வந்துள்ளதால், வாசனை எண்ணெயும் பூனையும் ஒரே அறையில் இருத்தல் கூடாது என இதன்வழி ஆணையிடப்படுகிறது. இவ்வாணை உடனடியாக நடைமுறைக்கு வருகிறது. (ஒப்பம்) ச. ஜெயசீலன். நகல்: 1. திருமதி மதலேனாள். 2. பூனை. 3. இருப்புக் கோப்பு.'

மதலேனாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். பூனைக்குரிய நகல் தரையில் கிடந்தது. முசே அதன்மேல் அமர்ந்திருந்தது.

"வாசனைதான ஆகாது? அப்ப வாசனையை எடுத்துடுங்க. முசே ஏன் போவணும்?"

"ரூம் பூரா பூனை நாத்தம். வாசனை இல்லாம எப்பிடி இருக்கறது?"

"முசே நாளைக்கு எட்டு தபா குளிக்கிறாரு. நீங்க ஒரு தபா."

"அது குளிக்கலடி, நக்குது! அதுலதான் ஆபத்தே. காத்துல இருக்கற எண்ணெய் ரோமத்துல ஒட்டும். அத நக்கும். வயித்துக்குள்ள போவும். ஈரல் கெட்டுடும்."

"ஐயையோ."

இந்த 'ஐயையோ' ஜெயசீலனுக்குத் தேனாக இனித்தது. முப்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் மதலேனாள் அவர் பேச்சைக் கேட்டு அஞ்சியது இதுவே முதல் முறை. உற்சாகம் கரை புரண்டது.

"காத்துல மட்டுமா? துணியில இருந்தா ஆபத்து. போர்வையில இருந்தா ஆபத்து. கையில இருந்தா ஆபத்து."

"காலுல இருந்தா?"

"காலுல இருந்தாலும் ஆபத்துதான்!"

"முட்டியில?"

"எங்க இருந்தாலும்டி! சந்தேகமா? எழுதித் தரட்டுமா?"

"எழுதிக் குடுங்க."

அவர் சிவப்பு மையில், 'மேற்படி எண்ணெய் எவருடைய உடலிலோ உடையிலோ இருப்பினும் இவ்வாணை பொருந்தும்' என்று திருத்தம் சேர்த்து, மீண்டும் ஒப்பமிட்டு, நாளும் குறித்தார். மனைவி ஏன் முழங்காலைப் பற்றிக் கேட்டார் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் ஒருபோதும் இப்படிக் கோட்டை விட்டவர் அல்லர்.

"எதுக்கும் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்றார் மதலேனாள்.

"கேளு. ஸ்பீக்கர்ல போட்டே கேளு."

கால்நடை மருத்துவர் செல்வகுமாரி இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்கம்மா. நேத்து சொன்னதையெல்லாம் சாருக்கும் சொல்லணுமா?"

"நேத்தா?" என்றார் ஜெயசீலன். டாக்டர் தொடர்ந்தார்.

"சார், பிளக்ல மாட்டற வாசனை, ஸ்ப்ரே, ஊதுவத்தி, எதுவும் பூனை இருக்கற ரூம்ல வேண்டாம். அதுவும் ஏசி ரூம். ஜன்னல் மூடியே இருக்கும். அதே காத்தைத்தான் அது திரும்பத் திரும்ப மூச்சு விடும்."

ஜெயசீலன் தொடையைத் தட்டினார். "கேட்டியா? கேட்டியா?"

"பூனை தும்முதா? கண்ணுல தண்ணி வருதா?"

"தும்முறாரு டாக்டர்" என்றார் மதலேனாள். "இவரு உள்ள வந்தாத்தான் தும்முறாரு."

"சார் ஏதாவது தேய்க்கறாரா?"

"நீலகிரித் தைலம். முட்டி வலிக்கு. மூணு வேளையும், பதினஞ்சு வருஷமா. இவரு பஸ்ஸை விட்டு எறங்கறது எனக்கு அடுப்பங்கரையிலயே தெரியும்."

"அது அந்தப் பிளக் சாமானைவிட மோசம்மா. நீலகிரித் தைலம், கற்பூரத் தைலம் எதுவுமே பூனைக்கு ஆகாது. காலை உரசிட்டு அது தன் ரோமத்தை நக்கினாப் போதும். தேய்ச்சவர் பூனையோட ஒரே கட்டில்ல படுக்கவே கூடாது."

"அப்பிடின்னா பூனையை வெளியே அனுப்பிடலாமே!" என்று பாய்ந்தார் ஜெயசீலன்.

"இந்த வெயில்லயா? வயசான பூனை சார். தும்மல் வேற. அதை எங்கயும் அனுப்பாதீங்க. தைலத்தை அனுப்புங்க."

தொலைபேசியை வைத்த மதலேனாள், கதவருகே சென்று, பள்ளிப் பிள்ளையைப் போல விரல் வைத்து வாசித்தார்: "'எவருடைய உடலிலோ உடையிலோ இருப்பினும் இவ்வாணை பொருந்தும்.' கையெழுத்து யாருதுங்க?"

"மதலே..."

"'உடனடியாக நடைமுறைக்கு வருகிறது'ன்னு வேற போட்டிருக்கீங்க. பாயை எடுத்து வைக்கட்டுமா?"

ஜெயசீலன் தலை நிமிர்ந்தார். பதவிக்காகப் பெருந்தியாகம் செய்யும் முகத்துடன் அறிவித்தார்: "தைலத்தை விட்டுட்டேன். இந்த நிமிஷத்துலருந்து!"

"நல்லது. ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்போம். துணிமணி, போர்வையெல்லாம் தொவைக்கணும். அதுவரைக்கும் வெளிய படுங்க."

புதன்கிழமை முழங்கால் முனகியது. வியாழக்கிழமை முழங்கால் பேசியது. வெள்ளிக்கிழமை அவர் பேசியதை முழங்கால் கேட்கவில்லை. சனிக்கிழமை நாற்காலியில் அமர்வதற்கு ஒருவரும் எழுவதற்கு இருவரும் தேவைப்பட்டனர். ஆயினும் அவர் தைலப் புட்டியைத் தொடவில்லை. ஏசிக் காற்று வந்து விழும் தலையணை ஒன்றே அவர் கண்முன் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, தூய ஆவி இறங்கிய நாளான பெந்தகோஸ்தின் திருப்பலி. குருவானவர் நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தில் எல்லோரும் முழந்தாளிட்டனர். ஜெயசீலனும் இட்டார். எல்லோரும் எழுந்தனர். ஜெயசீலன் எழவில்லை.

திருப்பலி முடிந்தது. மக்கள் கலைந்தனர். ஜெயசீலன் முழந்தாளிலேயே இருந்தார். வலியில் அவர் கண்களில் நீர் வழிந்தது; உதடுகள் துடித்தன.

"பாருங்க, எவ்ளோ பக்தி!" என்று நெகிழ்ந்தார் உபதேசியார் அருள்தாஸ். "ஆவியானவர் எறங்கியிருக்காரு."

பின்வரிசையிலிருந்து மணியம்மாள் வந்து அவர் காதருகே குனிந்தார். "ஜெயசீலண்ணே, எம்மாங் கண்ணீரு! என் வெள்ளாடு நாலு நாளா தீனி எடுக்க மாட்டேங்குது. அதுக்காகவும் ஒரு செபம் பண்ணுண்ணே." அவருக்குப் பின்னால் மேலும் நால்வர் தத்தம் வேண்டுதல்களுடன் வரிசையில் நின்றனர். ஜெயசீலன் எல்லோருக்கும் தலையசைத்தார். அசைக்கக்கூடியதாக அவரிடம் எஞ்சியிருந்தது அது ஒன்றே.

வரிசை முழுவதும் கலையும்வரை மதலேனாள் பொறுமையாகச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து மண்டியிட்டார்.

"ஏந்துக்க முடியலையா?"

"முடியலடி."

மதலேனாள் கைப்பையைத் திறந்தார். உள்ளே வேதாகமம் இருந்தது. கைக்குட்டை இருந்தது. நீலகிரித் தைலப் புட்டியும் இருந்தது.

"இதை ஏன்டி கோயிலுக்கு எடுத்துனு வந்தே?"

"இன்னிக்குத் தேவைப்படும்னு தெரியும். தேய்க்கட்டுமா, வேணாமா?"

ஜெயசீலன் பீடத்தைப் பார்த்தார். தலையணையை நினைத்தார். முழங்காலை நினைத்தார்.

"தேய்" என்றார்.

சாம்பிராணி மணத்தையும் விஞ்சிக்கொண்டு தைலம் கோயிலெங்கும் பரவிற்று.

அதன்பின் நடந்தது வருமாறு. வீட்டின் பக்கவாட்டில், ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகையில் ஜெயசீலனுக்கு ஒரு நார்க்கட்டில் போடப்பட்டது. அங்கே பூனை வருவதில்லை ஆதலால், லவெண்டர் கருவியின் மூடி திறக்கப்பட்டு, அவர் தலைமாட்டில் மாட்டப்பட்டது. பத்தே நாளில் முசேவின் தும்மல் நின்றது. சுற்றறிக்கை எண் 1/2024 இன்றளவும் கதவில் நடைமுறையில் இருக்கிறது. மணியம்மாளின் வெள்ளாடு தீனி எடுக்கத் தொடங்கியது. அடுத்த ஒரு மாதம் ஞாயிறுதோறும் மதலேனாள் சமைத்த சுறாப்புட்டு ஒரு கிண்ணம் இருசப்பன் வீட்டுக்கு ஏன் போயிற்று என்பது ஜெயசீலனுக்கு நான்காம் ஞாயிறன்றுதான் விளங்கியது.

ஜூன் மாத நடுவில் விடுமுறைக்கு வந்த ரோஸ்லின், பையை இறக்கி வைத்துவிட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். தலையணையில் முசே உறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா எங்கம்மா?"

"வாசனைச் சாமானெல்லாம் கொட்டாயிலதான்டி வச்சிருக்கோம்" என்றார் மதலேனாள்.