ஒன்பது இடத்தில் விழுங்கிய வார்த்தை

போதகராகச் சொல்லி ஆண்டவரிடமிருந்து எனக்கு ஊழிய அழைப்பு வந்ததாக எங்கள் சபையில் நாலைந்து பேர் இன்னமும் நம்புகிறார்கள். அவர்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது: வந்தது அழைப்பு இல்லை, அரிப்பு. அதுவும் நாலு பேரிடம் சொல்ல முடியாத இடத்தில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மைசூரில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நாள் முழுக்க வாஷர்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை வெடிப்பு இருந்தால்கூடக் கழித்துப் போட வேண்டும். (ஆண்டவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.) ஒரு நாள் குளியலறையில் பார்த்தால், என் முன்தோலின் ஓரத்தில் அதே மயிரிழை வெடிப்புகள். சிவந்து, அரித்து, சிறுநீர் போகும்போது எரிந்தது. இந்தச் சரக்கைக் கழித்துப் போடவும் வழியில்லை.

ஒரு வாரத்தில் ஆறும். மூன்றாம் வாரம் திரும்ப வரும். இப்படியே எட்டு மாதம் ஓடியது. அழுக்குதான் காரணம் என்று நானே முடிவு கட்டி, ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்புப் போட்டேன். அடங்கவில்லை. அம்மாவின் அலமாரியிலிருந்து புண் கழுவும் மருந்தைத் திருடி, தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றினேன். அன்றைக்குக் குளியலறையில் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறி முனகினேன். பிறகு மஞ்சள் குழைத்துப் பூசினேன். (கல்யாணத்துக்கு முன்னால் உடம்பில் மஞ்சள் பூசிக்கொண்டது நான் மட்டும்தான் என்றில்லை. பூசிய இடம்தான் வேறு.) ஜட்டியெல்லாம் மஞ்சளானதால் பிறந்ததிலிருந்து முதல் முறையாக என் துணியை நானே துவைக்க ஆரம்பித்தேன்.

இத்தனை வைத்தியமும் யார் வீட்டில் நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் அம்மா முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆண் வார்டில் மட்டும் பதினாலு வருடம். அவள் பார்க்காத உறுப்பும் இல்லை, கட்டாத புண்ணும் இல்லை. நானோ அவளுக்குக் கேட்காதபடி ஃபோனின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுத்த அறையில் வீடியோ பார்த்து வைத்தியம் கற்றுக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு முன்னோடி அப்பா. கணக்கு வாத்தியார். காலில் வந்த புண்ணை மூன்று மாதம் சாக்ஸுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தவர். சர்க்கரை இருந்ததே அவருக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை, ஒரு விரலை மட்டும் எடுக்க வேண்டும் என்று உள்ளே கொண்டு போனார்கள். அப்பா திரும்பி வரவில்லை. நர்ஸ் வீட்டில் இருந்துகொண்டே நர்ஸுக்குத் தெரியாமல் ஒருவர் சாகலாம் என்று நிரூபித்துவிட்டுப் போனார். அது நடந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதுதான் இந்தக் கதையின் சோகம்.

எங்கள் சபையார் யாரும் போகாத இடமாகத் தேடி, மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் இருந்த டாக்டரிடம் போனேன். நான் ஒரு வாஷரைப் பார்க்கிற நேரம்கூட அவர் என்னைப் பார்க்கவில்லை. சோப்பு, சர்க்கரை என்று ஒரு கேள்வியும் இல்லை. "கட் மாடிபிடோணா," என்றார். முன்தோலை வெட்டிவிடலாமாம். அரை மணி நேர வேலை, திங்கட்கிழமை வா, கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை என்று கேட்டதும் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வெட்டுவது எவ்வளவு சின்ன இடம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்கும் ஒரு விரல்தானே என்று மனது திருப்பிக் கேட்டது. சந்தில் ஸ்கூட்டரின் மேல் ஒரு பக்கமாக உட்கார்ந்து (நேராக உட்கார முடியாது) கால் மணி நேரம் யோசித்தேன். கூட யாரைக் கூட்டிப் போவது? அம்மாவிடம் சொன்னால், அவளை இன்னொரு தடவை ஆபரேஷன் அறை வாசலில் உட்கார வைத்த பாவம் எனக்கு வரும். சொல்லாமல் போய் ஏதாவது ஆகிவிட்டால்? அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் வரவில்லை.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு வேதபாடம் வாசிக்க வேண்டியது நான். பட்டியல் மூன்று மாதத்துக்கு முன்பே போட்டது, ஆகவே இதில் யாருடைய சதியும் இல்லை. பாடத்தை முன்கூட்டியே படித்துப் பார்க்கும் வழக்கமும் எனக்கு இல்லை. மேடை ஏறிப் பக்கத்தைத் திருப்பினேன். விசுவாசத்துக்குள் புதிதாக வந்தவர்கள் வெட்டிக்கொண்டே ஆக வேண்டுமா, வேண்டாமா என்று பெரியவர்கள் வாதாடுகிற பகுதி. முன்தோலை வெட்டுவதற்கு வேதாகமம் சொல்கிற விருத்தசேதனம் என்ற சொல் அதில் ஒன்பது இடத்தில் இருந்தது. பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்.

முதல் இடத்துக்கு வந்தேன். இருமுவதுபோல் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு மேலே போனேன். இரண்டாவதையும் விழுங்கினேன். யார் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சபையில் ஒருவருக்கும் புரிந்திருக்காது. ஆறாவது இடத்தில் குரல் நடுங்கியது. தலையைத் தூக்கினால், நாலாவது பெஞ்சின் ஓரத்தில் அப்பா உட்காரும் இடம் கண்ணில் பட்டது. அம்மா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது இடத்துக்கு வந்தபோது வாசிக்க முடியாமல், மைக் முன்னால், ஓவென்று அழுதுவிட்டேன்.

போதகர் ஓடி வந்து என் தலையில் கை வைத்தார். "ஆண்டவர் பேசுறார் தம்பி, தடுக்காதீங்க," என்றார். யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். பெண்கள் பக்கம் அழுகை பரவியது. அத்தோடு விட்டிருக்கலாம். முழங்காலில் நிற்கச் சொல்லி என் தோளைப் பிடித்து அழுத்தினார். புது ஜீன்ஸ், ஆறாத வெடிப்பு. "ஐயோ" என்று அலறினேன். சபை முழுவதும் "அல்லேலூயா" என்றது. ஆராதனை முடிவதற்குள் இறையியல் கல்லூரிக்கான விண்ணப்பப் படிவம் என் கைக்கு வந்துவிட்டது.

அம்மா மட்டும் அல்லேலூயா சொல்லவில்லை. என் முழங்கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்து, கொடியில் கிடந்த என் துணியை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"மஞ்சக் கறை போகாதுடா. எத்தனை மாசமா?"

நான் அப்போதும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். (கட்டிய வேஷத்தை லேசில் கலைக்க முடியுமா?)

"உங்கப்பாவும் கடைசி மூணு மாசம் சாக்ஸை அவரே துவைச்சுக்கிட்டார்," என்றாள். "மனுஷன் திருந்திட்டாரேன்னு நான் சந்தோஷப்பட்டேன். நீ துவைக்க ஆரம்பிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. கேக்கப் பயமா இருந்துச்சுடா. அதான் கேக்கலை."

ஆண் வார்டில் பதினாலு வருடம் இருந்தவள் பயமாக இருந்தது என்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டையும் காட்டினேன்.

திங்கட்கிழமை ஆபரேஷனுக்குப் போகவில்லை. அம்மாவோடு வேலை பார்த்த தோல் டாக்டரம்மாவிடம் போனோம். நான் பயந்த மானக்கேடு எல்லாம் வரிசையாக நடந்தது. வழியெல்லாம் நர்ஸுகள் நிறுத்தி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அம்மா மூன்று பேருக்குப் பதில் சொன்னாள், உண்மையான பதிலை. நான் சாகவில்லை.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, பார்த்துவிட்டு, "ஹெதர்பேடி" என்றார். பயப்படாதே என்று கன்னடத்தில் அவ்வளவு சாதாரணமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. வெட்ட வேண்டிய நிலைமை சிலருக்கு வரும், உனக்கு இப்போது இல்லை என்றார். பாதிக் குற்றவாளி சோப்பு, மீதி மருந்துத் தண்ணீரும் மஞ்சளும். வெறும் தண்ணீரில் கழுவு, ஒற்றித் துடை, பலவந்தமாக இழுக்காதே, பூஞ்சைக்கு ஒரு களிம்பு, இறுகின தோலுக்கு ஒரு களிம்பு, நான் நிறுத்தச் சொல்லும் வரை போடு. இதற்கா எட்டு மாதம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு, இந்த வயதில் இது திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரை பார்க்காமல் விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பார்த்தோம். இருந்தது.

அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று அழாத அம்மா, லேப் வாசல் பெஞ்சில் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தேன். "சீக்கிரம் தெரிஞ்சுது, அல்வா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கன்னடக்காரர்கள் மாதிரி, இல்லையா என்பதற்கு "அல்வா" சேர்த்துத்தான் அவள் எப்போதும் தைரியம் சொல்லிக்கொள்வாள்.

தோல் ஆறு வாரத்தில் ஆறிவிட்டது. சர்க்கரை ஆறுகிற வியாதி இல்லை. கூடவே இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை இட்லித் தட்டைக் கொடுப்பதற்கு முன்னால் அம்மா "பாடம்?" என்று கேட்பாள். நான் வாசிக்க வேண்டும்: வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, பாதத்தில் கீறல் உண்டா, மற்ற இடம் எப்படி. எங்கேயாவது இழுத்தால், பெங்களூரிலிருந்து ஃபோனில் இருக்கும் அக்கா, "ஒன்பதையும் வாசிடா, முழுங்காதே," என்பாள். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். நானும் சிரித்துவிட்டு வாசிப்பேன்.

வீட்டில் வாஷிங் மெஷின் வந்துவிட்டது. என் சாக்ஸை மட்டும் அம்மா அதில் போட விடுவதில்லை. கையில்தான் துவைக்கிறாள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் போடுகிறாள்.