பரீட்சை நாளில் ஒரு திருயாத்திரை

இதை எழுத எனக்குப் பல வருடமாகக் கை வரவில்லை. ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதினால் பாவமாகுமோ என்ற பயம். கடைசியில் பங்குச் சாமியாரிடமே கேட்டேன். "நடந்ததுதானே? அப்போ எழுதும்மா" என்றார். எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுக்க வேண்டாம், அது வேண்டுமென்றேதான் இருக்கிறது.

ரெட்டிபாளையம் பக்கம், சிமெண்டுத் தூசி படிகிற ஊர் எங்களுடையது. மகள் ஜெனிட்டா அப்போது ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாவது. ஒருநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பெரிய சார்'.

"ஏம்மா, வியாழக்கிழமை மேலேர்ந்து ஆளு வராங்க. பிள்ளைங்கள வாசிக்கச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி மார்க் போடுவாங்க. நம்ம ஸ்கூலுக்காக ஏலாக்குறிச்சி மாதாகிட்ட வேண்டிக்கணும். சில பிள்ளைங்கள நானே பொறுக்கித் தரேன். வேனும் என் பொறுப்பு. உங்கள மாதிரி பக்தியான ஆளுதான் கூட்டிட்டுப் போகணும்."

பக்தியான ஆளு! அந்த ஒரு வார்த்தையில் நான் தரையிலேயே நிற்கவில்லை. பொறுக்கிய பிள்ளைகளில் ஜெனிட்டாவும் இருந்தாள். என் வளர்ப்பு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். (பரீட்சை அன்றைக்கே பிள்ளைகள் எதற்கு யாத்திரை போக வேண்டும் என்று ஒரு கழுதைகூட யோசித்திருக்கும். நான் யோசிக்கவில்லை.)

வியாழன் காலை வேன் கிளம்பியது. முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் ஜெபமாலை சொன்னேன். பின்னால் ஏழு பிள்ளைகளும் 'வாழ்க மரியே' சொல்லிக்கொண்டே முறுக்குத் தின்றார்கள். கோயிலில் முழங்கால் போட வைத்தேன். "நல்லா வாசிக்கணும், நல்லா கணக்குப் போடணும்னு கேளுங்க" என்றேன். எழுந்ததும் ஜெனிட்டாவைக் கேட்டேன்.

"மாதாகிட்ட என்னடி கேட்ட?"

"ஆபீசர் போறதுக்குள்ள நாம திரும்பிடக் கூடாதுன்னு கேட்டேம்மா."

"ஏண்டி?"

"பெரிய சார்தான் சொன்னாரு. நாங்கல்லாம் வாசிக்கத் தெரியாதவங்களாம். நாங்க இருந்தா ஸ்கூலுக்கு மார்க் கொறஞ்சிடுமாம்."

அவள் அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. பெரிய சாருக்குத் தெரிந்திருக்கிறது, ஏழு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. வேன் ஓட்டிய சின்னப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றான். மாதாவுக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவள் பக்தியான ஆளு ஒருத்திதான்.

"வண்டிய திருப்புடா" என்றேன்.

"சாயங்காலம்தான் வரணும்னு சார் சொல்லிருக்காருக்கா."

"திருப்பலன்னா நடத்தியே கூட்டிட்டுப் போயிடுவேன்!"

(நடந்தால் மறுநாள்தான் வந்து சேர்ந்திருப்போம். கோபத்தில் தூரம் தெரியாது.)

பள்ளிக்குள் நுழைந்தபோது என் கோலத்தைச் சொல்ல வேண்டும். மாதாவுக்கு ஏற்ற மறந்த மெழுகுவர்த்தி ஒரு கையில், அதுவும் என் முழங்கை உயரம். கழுத்தில் ஜெபமாலை. பின்னால் வரிசையாக ஏழு பேர். மேலேயிருந்து வந்து பரீட்சை வைத்துக்கொண்டிருந்த மேடம் மிரண்டுபோய் எழுந்தே விட்டார்.

"யாரும்மா நீங்க?"

"இவங்களும் இந்த ஸ்கூல் பிள்ளைங்கதான் மேடம். இவங்களையும் எழுதிக்குங்க!"

பெரிய சார் முகம் வெளுத்துவிட்டது. "இவங்க இன்னைக்கி லீவுங்க மேடம்."

"லீவு போட வச்சதே நீங்கதான சார்! மாதா பேரச் சொல்லி என் பிள்ளைய ஒளிச்சி வப்பீங்களா?" என்று மெழுகுவர்த்தியை நீட்டினேன். அது மேசை மேல் இருந்த டீயைத் தட்டி அவர் வேட்டியிலேயே ஊற்றியது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மேடம் ஜெனிட்டாவை உட்கார வைத்தார். நாலு வரியை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு ஐம்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு என்று கேட்டார். ஸ்லேட்டில் எழுதினாள், நாற்பத்தைந்து.

"பக்கத்துல கடன் வாங்கிக் கழிக்க சொல்லித் தரலையா பாப்பா?"

"முன்னாடி இருக்கறவங்களுக்கு சார் சொல்லித் தந்தாரு. எங்கள பின்னாடி ஒக்காந்து படம் வரையச் சொன்னாரு."

ஏழு பேரையும் மேடம் எழுதிக்கொண்டார். பள்ளி மார்க் சரிந்தது. 'ஊர் மானத்தை வாங்கிட்டா' என்று தெருவே என்னைத் திட்டியது. வாசிக்கத் தெரியாத பிள்ளையை வைத்திருப்பது மானம், அதை வெளியே காட்டுவது அவமானமாம்! பூசையில் பக்கத்தில் இருப்பவரைக் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் பெரிய சார் என்னைத் தாண்டித் தூணைப் பார்த்துக் கும்பிடுவார். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து அந்த ஏழு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜெனிட்டாவுக்குக் கழித்தல் வந்துவிட்டது. எனக்கு அந்தக் கோபம் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் ஜெபிக்கிறேன்.

இன்றைக்கும் நான், "கிளம்புங்க, கோயிலுக்குப் போவோம்" என்றால் போதும், ஜெனிட்டா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பாள்: "ஏம்மா, வூட்டுக்கு ஆபீசர் யாராச்சும் வராங்களா?" அவள் அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறுவார்.

உங்கள் ஊரில் பரீட்சை நாளில் ஒரு தாய்க்கு யாராவது வேன் பிடித்துத் தந்தால், இதை அந்தத் தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள். என்னைக் கெட்டிக்காரியாக்க வேண்டாம், சாரை நல்லவராக்கவும் வேண்டாம். நான் ஏமாந்தது ஏமாந்தபடியே போய்ச் சேரட்டும்.