மாமனாரின் ஜாஸ் ரெக்கார்டுகளுக்கு நான் செய்த சந்தனக்காப்பு

பக்தி உள்ளவன் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு யாரும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகக் கூடாது. திரும்பி வரும்போது வீட்டில் எதெல்லாம் சாமியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. இதை நான் அடுத்தவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். காலையில் குளித்து, பட்டையாக விபூதி பூசி, குன்றத்தூர் முருகன் மலை இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் வண்டிச் சாவியைத் தொடுவேன். ஆயுத பூஜை வந்தால் எங்கள் லைனுக்கு நான்தான் குருக்கள். பொட்டு வைப்பதில் எனக்கு உயர்வு தாழ்வு கிடையாது. பெரிய மெஷின், தள்ளுவண்டி, தீயணைப்பு சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் உண்டு. ஒரு வருஷம் பார்கோடு படிக்கிற கருவிக்கு அதன் கண்ணிலேயே வைத்துவிட்டேன். (அதில் நெற்றி எது, கண் எது என்று யார் கண்டார்கள்.) அடுத்த ஷிஃப்ட் முழுக்க அது எதையும் படிக்கவில்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இன்னா சாமி, அதுக்குக் கண்ண கட்டி வுட்டுட்டியா?" என்றார்.

அப்போதே நான் திருந்தியிருக்கலாம்.

என் மாமனார் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரகடம் பக்கத்தில் சொந்த வீடு. பீடி கிடையாது, சீட்டு கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பழக்கம் ஜாஸ். (சம்பந்தம் பேசும்போது இதைக் கேள்விப்பட்ட எங்கள் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி, "டெய்லியா?" என்று விசாரித்தார்.) பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி நிறையப் பழைய அமெரிக்க ரெக்கார்டுகளை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறிச் சென்னையில் பழைய சாமான் கடை கடையாக அலைந்து ரெக்கார்டு சேர்த்தார்.

இத்தனைக்கும் அவர் அவற்றைப் போட்டுக் கேட்பது கொஞ்சம்தான். பெரும்பாலும் ரெக்கார்டு இருக்கிற உறையின் அட்டையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "காதுக்கு அப்புறம் போலாம் மாப்ள, மொதல்ல கண்ணு கேக்கட்டும்" என்பார்.

நான் பெண் பார்க்கப் போன அன்று, பெண் வருவதற்கு முன்னால் ரெக்கார்டு வந்தது. சம்பளம் எவ்வளவு, குடி உண்டா என்று எதுவும் கேட்காமல் ஓர் அட்டையை என் முன்னால் நீட்டினார். அதில் ஒருவர் கண்களை மூடி, வளைந்த பித்தளைக் குழல் ஒன்றை ஊதிக்கொண்டிருந்தார். பாதி முகம் இருட்டில் இருந்தது.

"இன்னா தெரியுது மாப்ள?"

"நல்ல வித்வான் மாமா. நாயனந்தான் கொஞ்சம் வளைஞ்சி பூட்டுது."

"பாதி மூஞ்சிய இருட்டுல வுட்டுகிறானே, அது ஏன்?"

"கரண்டு இல்லியா மாமா?"

உள்ளே பெண், அதாவது அமுதா, சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பினால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. மாமனாரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொஜ்ஜியோடு அனுப்பியிருப்பார்.

அவரிடம் இருந்ததிலேயே உசத்தியானது ஒரு நீல அட்டை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நமக்குத் தெரிவது முதுகு மட்டும். முதுகு என்றால் முழு முதுகு. கவுனைத் தைத்த டெய்லர் இடுப்புக்கு மேலே வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அறை முழுக்க விடியற்கால நீலம். அதைக் காட்டும்போது மாமனார் குரலே மாறிவிடும். "மூஞ்ச காட்டல பாருங்க. ஆனா அவ அழுவறாளா, பாடறாளா, முதுக வெச்சே சொல்லிட்டான்." நான் மரியாதைக்காகத் தரையைப் பார்த்தபடி தலையாட்டுவேன்.

கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூஜை. பழைய ரெக்கார்டு அட்டைகளைப் படம் பிடித்துப் புத்தகமாகப் போடுகிற ஓர் அம்மா, சென்னைக் கடைக்காரர் ஒருவர் சொல்லி, மாமனாரின் சேகரிப்பைப் பார்க்க வருவதாக இருந்தார். அந்த அம்மாவுக்குக் கிடைத்த ஓய்வு அந்தப் பண்டிகை நாள்தான். மறுநாள் அவர் ஊருக்குக் கிளம்புகிறார், பிறகு புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அதை வைத்திருப்பவரின் பெயர் வருமாம். மாமனார் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

"என் பேரு இதுவரைக்கும் ரேஷன் கார்டுலயும் கரண்டு பில்லுலயுந்தான் வந்துகீது மாப்ள" என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அன்று காலை அந்த அம்மாவை அழைத்துவர சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு அவரே கிளம்பினார். ஷேர் ஆட்டோவில் விட்டால் வழி தப்பிவிடுவாராம். புதுச் சட்டை, புது வேட்டி. வாசலில் நின்று என்னிடம், "மாப்ள, அலமாரியில கீற அட்டைங்கள எடுத்துத் தூசி மட்டும் தட்டி வெய்ங்க. துணி காஞ்ச துணியா இருக்கட்டும்" என்றார்.

தூசி தட்டினேன். காய்ந்த துணியால்தான் தட்டினேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், கம்பெனி பூஜை முந்தின நாளே முடிந்துவிட்டது. மிச்சச் சந்தனம் ஒரு தூக்குச்சட்டி நிறைய என்னிடம் இருந்தது. பூஜை அறையில் அத்தை, அமுதாவின் அம்மா, சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அமுதாவின் நர்ஸிங் புத்தகம், பஞ்சாங்கம், சமையல் குறிப்பு எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. இந்தப் பக்கம் கூடத்தில் அத்தனை வித்வான்கள், குழலும் தந்தியும் மத்தளமுமாக, நெற்றியில் ஒன்றுமில்லாமல் கிடந்தார்கள். சரஸ்வதி பூஜை அன்று. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அத்தே, வாத்தியம் வாசிக்கிறவங்க ஆச்சே. வுட்டா பாவமில்லியா?"

"இத்தினி வருசத்துல இதுங்களுக்கு ஒரு கற்பூரம் காட்டலியே இந்த மனுசன்" என்றார் அத்தை, கண் கலங்கி. "நீங்களாவது வந்தீங்களே மாப்ள." மல்லிகைச் சரத்தையும் என் பக்கம் தள்ளினார்.

ஆரம்பித்தேன். முகம் இருந்தவர்களுக்கு நெற்றியில். முகம் இருட்டில் இருந்தவர்களுக்கு, இருக்கும் என்று நினைத்த இடத்தில். தொப்பி போட்டவருக்குத் தொப்பியில். ஓர் அட்டையில் வெறும் விரல்கள் மட்டும் தந்தியை மீட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று வைத்தேன். வரிசையாகப் பூஜை அறையில் சாய்த்து வைத்துப் பார்த்தபோது, அறுபத்து மூவர் உற்சவம் மாதிரி அப்படி ஒரு களை.

பிறகு நீல அட்டை கைக்கு வந்தது.

நெற்றி அந்தப் பக்கம் இருந்தது. முதுகில் பொட்டு வைக்கிற வழக்கம் எங்கும் இல்லை. அதைவிட, இந்தக் கோலத்தில் அந்தப் பெண்ணைச் சாமி முன்னால் எப்படி உட்காரவைப்பது? யோசித்தேன். அம்மனுக்கே வெள்ளிக்கிழமை சந்தனக்காப்பு சாத்துகிறோம், உடம்பு முழுக்கச் சந்தனம் பூசி அலங்காரம் செய்கிறோம். தூக்குச்சட்டியைக் கவிழ்த்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை, விரலால் மெழுகி, ஓரத்தைச் சரி செய்து, நடுவில் குங்குமமும் வைத்து ஒரு மல்லிகையும் ஒட்டினேன். நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது. அதோடு சந்தனம் தீர்ந்தது. கடைசியாக ஓர் அட்டை மிச்சம் இருந்தது. வெள்ளையில் வெறும் கறுப்பு எழுத்து, படமே இல்லை. யாருக்கு வைப்பது என்று அதை முக்காலியிலேயே விட்டுவிட்டேன்.

சுண்டல் கிண்டிக்கொண்டிருந்த அமுதா கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, அப்பா தூசிதானே தட்டச் சொன்னாரு?"

"தட்டிட்டுத்தான் வெச்சிகிறேன்."

"அந்தம்மா முதுகு எங்க?"

"உள்ள கீது. பத்திரமா கீது."

அவள் பெண் பார்த்த அன்று போலச் சிரிக்கவில்லை. "இன்னிக்கு நீங்க ஓவர்டைம் போயிருக்கலாம்" என்றாள்.

அத்தை கற்பூரம் காட்டி முடிக்கவும், வாசலில் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மாமனார் பேசிக்கொண்டே நுழைந்தார். "மொதல்ல அந்த நீல அட்டையப் பாருங்கம்மா, அப்புறம் மத்தத." காமிராப் பையோடு பின்னால் வந்த அம்மாவுக்குக் காலி அலமாரியைக் காட்டினார். பிறகு கற்பூர வாசனை வந்த திசைக்கு மெதுவாகத் திரும்பினார்.

"மாப்ள."

"மாமா."

"நீல அட்டை எங்க?"

கையைக் காட்டினேன். கை முழுக்கச் சந்தனமாக இருந்ததால் காட்டாமலே தெரிந்திருக்கும்.

"இதுவா?"

"இப்ப மஞ்சளா கீது மாமா. காஞ்சா கொஞ்சம் வெளுக்கும்."

அவர் அதை எடுத்துப் புது வேட்டியின் நுனியால் ஓர் ஓரத்தை ஒற்றிப் பார்த்தார். சந்தனம் வந்தது. சந்தனத்தோடு நீலமும் வந்தது. வேட்டி நுனியில் ஒரு துண்டு விடியற்காலம். அப்படியே நிறுத்திக்கொண்டார். அடுத்ததாகக் குழல் ஊதுகிறவரை எடுக்கக் கை நீட்டியபோது அத்தை குறுக்கே வந்துவிட்டார்.

"தொடாதீங்க. பூஜையில வெச்சது. நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

"நாளைக்கு இந்தம்மா இருக்க மாட்டாங்கடி."

"சரஸ்வதி இருப்பா."

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷி. "ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாமனாரிடம் திரும்பிக் குரலைத் தணித்தார். "ஆனா சார், அந்தக் காலத்துல எப்படி வந்துச்சோ அப்படியேதான் அட்டைய புத்தகத்துல போடறோம். இதெல்லாம் சேர்க்க முடியாது."

மாமனார் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கும்பிட்டிருப்பேன். அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பித்தான் ஒன்றைக் கழற்றி, "பரவால்லம்மா. இவ்ளோ தூரம் வந்தீங்க, காபியாவது சாப்ட்டுப் போங்க" என்றார். நான் சந்தனக் கையைத் துடைக்க இடமில்லாமல் தூணோரம் நின்றேன். முருகா, எனக்கு இவ்வளவு பக்தியைக் கொடுத்த நீ கூடவே கொஞ்சம் சோம்பேறித்தனத்தையும் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டேன்.

அமுதா காபி டம்ளரை வைக்க முக்காலியைத் தேடினாள். அதன்மேல் அந்த வெள்ளை அட்டை கிடந்தது.

"இது?" என்றார் அந்த அம்மா.

"அதுக்குச் சந்தனம் பத்தல" என்றாள் அமுதா.

"சாமிக்கு வெக்கலியே, அத எடுத்துக்கலாம்" என்று உள்ளேயிருந்து அத்தை தீர்ப்புச் சொன்னார்.

அந்த அம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். "எழுத்தப் பாருங்க சார். இங்க குண்டா ஆரம்பிக்குது, போகப் போகச் சின்னதாகி ஓரத்துல காணாமப் போகுது. ஊதிக்கிட்டே தூரமா நடந்து போற மாதிரி இல்ல?"

மாமனார் எழுந்து வந்தார். அந்த ரெக்கார்டை ஏதோ மூட்டையோடு சேர்ந்து வந்தது என்று அவர் அடியில் போட்டு வைத்திருந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார், இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். "நடந்துதான் போறான்." மொட்டை மாடி வெயிலில் அமுதா வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடிக்க, அந்த ஓர் அட்டை மட்டும் படமானது. நான் மாடிப்படியில் கடைசிப் படிக்கு மேல் ஏற அனுமதிக்கப்படவில்லை.

மறுநாள் மறுபூஜை முடிந்து, மற்ற அட்டைகளை மாமனார் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். எல்லோர் நெற்றியிலும் லேசாக ஒரு சிவப்பு நின்றுவிட்டது. நீல அட்டையைத் தூக்கிப் போட அத்தை விடவில்லை, காப்பு சாத்தியதை எறியலாமா என்று சண்டை போட்டு, சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடம் அம்மன் திரும்பி உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். எதற்காகத் திரும்பினாள் என்று கேட்டால், "மாப்ளயப் பாக்கப் புடிக்கல" என்று மாமனார் கூடத்திலிருந்து பதில் சொல்வார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்பதற்கு ஒரே சொல்தான். புது மிக்ஸி வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி எடுத்தாலும், "மாப்ள கை படாம கீது" என்பார்கள். எங்கள் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிப் பார்த்த மாமனாரும் முதலில் சொன்னது அதுதான்.

புத்தகம் தபாலில் வந்தது. கனமான புத்தகம், வழவழப்பான தாள். நடுவில் ஒரு பக்கம் முழுக்க அந்த வெள்ளை அட்டை, கீழே சின்ன எழுத்தில் மாமனார் பெயர், அதற்குப் பக்கத்தில் ஒரகடம். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவார். இவ்வளவு வைத்திருக்கிறீர்களே, இது மட்டும் எப்படி வந்தது என்று கேட்டால் என் பக்கம் கையை நீட்டிவிட்டு, கதையை அவர்தான் சொல்வார், என்னைச் சொல்ல விடுவதில்லை.

இன்றுவரை அந்தப் புத்தகத்தை நான் தொட்டதில்லை. மாமனார் மடியில் வைத்துப் பக்கத்தைத் திருப்புவார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே நிற்கிறவனைப் போல, எட்டி நின்று தரிசனம் செய்துவிட்டு வருவேன்.