நல்லாக் குலுங்குகிற வண்டி

"நல்லாக் குலுங்குற வண்டியா ஒண்ணு குடுங்க," என்றான் கௌத்தே.

கடைக்காரி குன்வோர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். முப்பது வருஷமாகக் குழந்தை வண்டி விற்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் குலுங்காத வண்டி கேட்டுத்தான் அவள் உயிரை எடுப்பார்கள்.

"குலுங்காததுன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லைங்க. குலுங்கணும். மலைப்பாதையில கல்லு மேல ஏறி இறங்கணும். உள்ள இருக்கிற ஆளுக்கு அது தெரியணும்."

உள்ளே இருக்கப்போகிற ஆள் பத்து மாதக் குழந்தை தீரில். அப்பாவின் தோளில் கிடந்து கடை இடிந்து விழுகிற மாதிரி அலறிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. பெர்கன் ஊரில் மழை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வழக்கத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

"என்னப்பா விஷயம்?" என்று குன்வோர் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

கௌத்தேக்குச் சும்மா பேசத் தெரியாது. ஆனால் கல்லாவுக்கு முன்னால் நின்று புகார் சொல்வதென்றால் அவனுக்கு வெல்லம். மாவு மில்லில் கணக்கு இல்லாமல் அரைக்கிற மாதிரி, ஒரே சுருதியில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போவான்.

"என் பொண்டாட்டி சின்னோவெ கடல்ல எண்ணெய்க் கிணத்துல கிரேன் ஓட்டுறா. செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டர்ல ஏறிப் போயிட்டா, ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வருவா. அப்பாக்களுக்கான லீவு இருக்கில்ல, அதுல நான் வீட்ல இருக்கேன். அவ கிளம்பின நிமிஷத்துலருந்து இது அழுவுது. பால் குடுத்தா அழுவுது, துணி மாத்தினா அழுவுது. ஒரே ஒரு தடவைதான் தூங்கிச்சு. சனிக்கிழமை, ஃப்ளோயன் மலையில. தார் ரோடு பூரா அழுதுகிட்டே வந்தவ, மரக்கதவைத் தாண்டிக் கல்லுப் பாதை வந்ததும் தூங்கிட்டா. திரும்பித் தார் ரோட்டுக்கு வந்தேன், எந்திரிச்சுட்டா. பழைய வண்டி சக்கரமும் அங்கேயே கழண்டு போச்சு. அப்போ கல்லுதானே மருந்து?"

குன்வோரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நேற்று போனில் சின்னோவெ, "அவ உன்கிட்ட ஒட்டலைன்னா மறைக்காம சொல்லிடு. நான் வேலையை விட்டுட்டுக் கரையிலயே ஏதாவது பாத்துக்கிறேன்," என்றிருந்தாள். அந்தக் கிரேன் இருக்கைக்காக அவள் ஒன்பது வருஷம் காத்திருந்தவள். தன்னால் அவள் அதைவிட்டு இறங்குவதா? அதைவிடப் பெரிய வலி, பெற்ற மகளுக்கே தன்னைப் பிடிக்கவில்லையே என்பது.

"தூங்கிட்டாளே?" என்றாள் குன்வோர்.

உண்மைதான். தோளில் எச்சில் வழிய தீரில் தூங்கியிருந்தாள்.

"உங்க கடை வெளிச்சம் அப்படி," என்றான் கௌத்தே.

மூன்று சக்கரம், காற்றடிக்கிற பெரிய டயர், கைப்பிடியில் பிரேக், ஓடும்போது வண்டி கைநழுவாமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வார். அப்படி ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் வீடு வந்தான்.

வீடு என்பது மரவீட்டின் மாடி. கீழே போன மாதம்தான் ஹால்ஸ்டைன் என்கிற டிராம் ஓட்டுநர் குடிவந்திருந்தார். விடியற்காலை வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் வாயைத் திறக்காமல் கையால் மேலே காட்டுவார், கண்ணைக் கசக்கிக் காட்டுவார், கட்டைவிரலை உயர்த்துவார். கௌத்தேயும் தலையை ஆட்டிவிட்டுப் போவான். இந்த ஊரில் படிக்கட்டில் நின்று பேசினால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

மறுநாள் வாசல் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "அன்புள்ள மாடி வீட்டுக்காரருக்கு, படிக்கட்டு என்பது தீப்பிடித்தால் ஓடுவதற்கு. வண்டி நிறுத்துவதற்கு அல்ல. சேறும் படிகிறது. தப்பாக நினைக்க வேண்டாம். ஹால்ஸ்டைன்."

"வாயில கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று கௌத்தே மனதுக்குள் முனகினான். மனதுக்குள்தான். வீட்டுக்குள் அவன் மூச்சு விடுவதே மெதுவாகத்தான். சின்னோவெ இருந்தால் வாய் ஓயாது. உருளைக்கிழங்கு உரித்தால் அந்த உருளைக்கிழங்கிடமே பேசுவாள். குழந்தைக்கு வேண்டியது அமைதி என்று கௌத்தே முடிவு கட்டியிருந்தான். ரேடியோவை நிறுத்தினான். கம்பளிக் காலுறையோடு நடந்தான். சுவர்க் கடிகாரத்தின் பாட்டரியைக்கூடப் பிடுங்கிவிட்டான். அந்த அமைதியின் நடுவில் உட்கார்ந்துதான் தீரில் அழுதாள்.

மலையில் மட்டும் வண்டி வேலை செய்தது. மரக்கதவு வரைக்கும் அலறல். கதவைத் தாண்டியதும் வழக்கம்போல ஆட்களுக்கு வாய் திறந்துகொண்டது. டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற அதே ஜனங்கள்தான். மலை ஏறிவிட்டால், "ஹை! ஹை! என்ன மழை பாத்தீங்களா?" என்பார்கள். ஒரு கிழவர் டயரைப் பற்றிக் கேட்டார். ஒரு பெண் பிரேக்கைப் பற்றிக் கேட்டாள். மலை மரியாதைக்காக கௌத்தேயும் நின்று, வண்டியின் குறைகளை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னான். தீரில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

"கல்லுதான்," என்றான் கௌத்தே. "சந்தேகமே இல்லை."

படிக்கட்டில் நிறுத்தக் கூடாது என்றால் வண்டியை வீட்டுக்குள் ஏற்ற வேண்டும். வீட்டுக்குள் ஏற்றிவிட்டால் கல்லையும் உள்ளே கொண்டுவந்தால் என்ன? கூடத்தில் விறகுக்கட்டை, மழை பூட்ஸ், சின்னோவெயின் பனிச்சறுக்குக் கட்டை, மரக்கரண்டி எல்லாவற்றையும் பரப்பினான். தீரிலை உட்கார வைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் தள்ளினான்.

தீரில் ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மேலும் பலமாக அழுதாள்.

அடுத்த சீட்டு வந்தது. "அன்புள்ள மாடி வீட்டுக்காரருக்கு, நான் எட்டு மணி நேரம் டிராம் ஓட்டிவிட்டு வருகிறேன். வீட்டிலும் தலைக்கு மேல் ஒன்று ஓடுகிறது."

கௌத்தே வண்டியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனான்.

"இதுல என்னப்பா கோளாறு?" என்றாள் குன்வோர்.

"ரொம்ப நல்ல வண்டி. அதான் கோளாறு. ஸ்பிரிங் எல்லாத்தையும் தாங்கிடுது. புள்ளைக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்குது..."

இருபது நிமிஷம் சொன்னான். மழை, படிக்கட்டு, சீட்டு, விறகுக்கட்டை, தன் தலையெழுத்து எல்லாம் வந்தது.

"இன்னைக்கும் தூங்கிட்டா பாரு," என்றாள் குன்வோர். "வெளிச்சம்னு சொன்னியே, இன்னைக்குப் பாதி விளக்கு எரியலை."

கௌத்தே அண்ணாந்து பார்த்தான். "அப்போ இருட்டுதான் காரணம்."

குன்வோர் கும்பிடாத குறையாக இன்னொரு வண்டியைக் கொடுத்தாள். ஸ்பிரிங் இல்லாதது. பந்தயத்துக்கு ஓடுகிறவர்களே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது.

புது வண்டி வீட்டில் அதே அழுகையைத்தான் தந்தது. கூடுதலாக, மாடிக்குத் தூக்கும்போது கைப்பிடிச் சுவரை இரண்டு இடத்தில் பெயர்த்தது. மூன்றாவது சீட்டில் ஹால்ஸ்டைன், பெயர்ந்த இடங்களுக்கு அம்புக்குறி போட்டுப் படமே வரைந்திருந்தார்.

அன்று மத்தியானம் சின்னோவெ போனில் வந்தாள். பின்னணியில் காற்று இரைந்தது. இந்தப் பக்கம் தீரில் இரைந்தாள்.

"இன்னும் அழறாளா?"

"பல்லு முளைக்குது."

"பதிமூணு நாளா ஒரே பல்லா முளைக்குது? பொய் சொல்லாத கௌத்தே."

அவன் தீரிலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு வந்துடறேன். மேலதிகாரிகிட்ட ராஜினாமாக் கடிதாசி குடுத்துட்டே வர்றேன், விடு. உன்னைக் குத்தம் சொல்லலைப்பா. சில பேருக்கு வராது, அவ்வளவுதான்."

சில பேருக்கு வராது. போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. கௌத்தே முகத்தைத் துடைத்துக்கொண்டான். பம்பை எடுத்து, மூன்று டயரிலும் கல் மாதிரி ஆகிற வரைக்கும் காற்றடித்தான். ஒரே ஒரு தடவை நன்றாகத் தூங்க வைத்துவிட்டால் போதும், தூங்குகிற பிள்ளையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பி, கடிதாசியை நிறுத்திவிடலாம்.

மலையில் ஈ காக்கை இல்லை. பெர்கன்காரர்களே வீட்டில் இருந்துவிடுகிற மழை. மரக்கதவைத் தாண்டினான். கல்லுப் பாதை வந்தது. வண்டி தடதடவென்று குதித்தது. மழை உறைக்குள் நனையாமல் உட்கார்ந்திருந்த தீரில் தொண்டை கிழிய அழுதாள்.

கல்லும் கைவிட்டுவிட்டதே! பல்லைக் கடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், வேகமாகத் தள்ளினான். பெரிய கல்லாகப் பார்த்து ஏற்றினான். டமார் என்றது. முன்சக்கர டியூப் வெடித்துவிட்டது.

வண்டி நின்றது. குலுக்கல் நின்றது. அழுகை மட்டும் நிற்கவில்லை.

அப்போது மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஹால்ஸ்டைன்தான். மலையில் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். சக்கரத்தைக் காட்டி, கையை விரித்து, என்ன ஆச்சு என்று சைகையால் கேட்டார். பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து நீட்டினார்.

"டியூப் வெடிச்சுப்போச்சுங்க," என்று ஆரம்பித்தான் கௌத்தே.

ஆரஞ்சு நீட்டிய கை அப்படியே நின்றது.

"காத்து அதிகமா அடிச்சுட்டேன். என் நேரம். மொத வண்டில ஸ்பிரிங் ஜாஸ்தி, இதுல ஸ்பிரிங்கே இல்லை, நடுவுல ஒண்ணு செய்யமாட்டானா? நாளைக்கு என் பொண்டாட்டி வேலையை விட்டுட்டு வர்றா. எல்லாம் என்னாலதான். எனக்குப் புள்ளை வளக்க வரலை. பெத்த பொண்ணுக்கே என்னைப் புடிக்கலை..."

மழை கொட்டியது. ஹால்ஸ்டைன் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் போனது. கௌத்தே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

தீரில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டி நிக்குது," என்றான் மெதுவாக. "குலுங்கவே இல்லை. எப்படித் தூங்குறா?"

வாயை மூடிக்கொண்டு யோசித்தான். தீரிலின் உதடு பிதுங்கியது. சிணுங்கினாள்.

"பாத்தீங்களா? நான் எட்டிப் பாத்தாலே இப்படித்தான். என் முகராசி அப்படி, யார்கிட்டப் போய்ச் சொல்ல..."

சிணுங்கல் நின்றது. தீரில் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி தூங்கினாள்.

ஹால்ஸ்டைன் குனிந்து குழந்தையைப் பார்த்தார். நிமிர்ந்து அப்பனைப் பார்த்தார்.

"நான் குடிவந்ததுலருந்து மேல உங்க வீட்டம்மா குரல்தான் கேக்கும். அவங்க போனதுலருந்து பாப்பா அழற சத்தம் மட்டும்தான். உங்களுக்குப் பேச்சு வராதுன்னு நெனச்சுல்ல நான் கையைக் காட்டினேன், சீட்டு எழுதி ஒட்டினேன்!" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "உங்களுக்குப் பேச வரும்னு இந்தப் பாப்பாவுக்காவது சொல்லியிருக்கீங்களா?"