மூதூருக்குப் போன ரயில்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. மாமியைப் பொலிசில பதியிறது.

சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தில இருந்து ஆர் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தாலும் பொலிசுக்குப் போய்ப் பேர் பதிய வேணும். ஆர், ஏன் வந்தவை, எத்தினை நாள் நிப்பினம், ஆற்ற வீடு. படிவத்தை நிரப்பி, அடையாள அட்டையைக் காட்டி, சீல் அடிச்சு வாங்கினால் சரி. பதியாமல் விட்டால், சுற்றிவளைப்பு வாற அண்டைக்கு வந்தவையும் உள்ளுக்கு, வீட்டுக்காரரும் உள்ளுக்கு.

மாமி, என்ர மனுசியின்ர அம்மா, முதல்நாள்தான் கப்பலிலயும் பஸ்ஸிலயும் அலைஞ்சு எங்கட வீட்டுக்கு வந்து சேர்ந்தவ.

காலமை வெளிக்கிடேக்க மனுசி என்னைக் குசினிக்குள்ள கூப்பிட்டா.

"கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதைக்காதேங்கோ."

நான் கதைக்கேல்லை. சத்தியமாய் நானாய் ஒண்டும் கதைக்கேல்லை.

கதைச்சது மாமி.

அதைச் சொல்ல முதல் என்ர எழுத்தாளர் வேசத்தைப் பற்றிச் சொல்லிப்போட வேணும். நான் பம்பலப்பிட்டியில ஒரு கந்தோரில கிளாக். அதோட ஒரு வாரப் பத்திரிகையில பத்தி எழுதிக்கொண்டிருந்தனான். "தெரியாத ஊர், தெரியாத ருசி" எண்டு பேர். கிழமைக்கு ஒரு ஊர். அங்க நான் போனது, கண்டது, சாப்பிட்டது.

யோசனை ஆசிரியரின்ர. "பாதையெல்லாம் பூட்டிக் கிடக்கு. சனத்துக்கு ஒரு இடமும் போக ஏலாது. நீர் போய் வந்து எழுதும், வாசிச்சாவது சந்தோசப்படட்டும்" எண்டார்.

அருமையான யோசனை. என்ன, பாதை எனக்கும் சேத்துத்தான் பூட்டிக் கிடந்தது.

உள்ளதைச் சொன்னால், கொழும்பிலயே பிறந்து வளந்த நான் தெற்கால தெகிவளை தாண்டினதில்லை. வடக்கால கொட்டாஞ்சேனை தாண்டினதில்லை. ஒருக்கா வத்தளையில ஒரு கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டனான். பாலத்தடிச் சோதனையில ரெண்டு மணித்தியாலம் நிண்டு கால் நொந்து, பரிசுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திட்டன்.

ஆனால் கொட்டாஞ்சேனை இருக்கே! அங்க ஒரு லொட்ஜ். பாஸ்போட்டுக்கு வந்த ஆக்கள், கண் ஒப்பரேசனுக்கு வந்த ஆக்கள், வெளிநாடு அனுப்புற ஏஜென்சிக்காரன் இண்டைக்கு வருவான் நாளைக்கு வருவான் எண்டு இருக்கிற ஆக்கள். மன்னார், மூதூர், முல்லைத்தீவு, மட்டக்களப்பு எல்லாம் ஒரே விறாந்தையில பாய் விரிச்சுக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமையில பஸ் ஏறிப் போவன். ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுத்து, "அண்ணை, உங்கட ஊர்ச் சாப்பாட்டில என்ன விசேசம்?" எண்டு கேப்பன்.

மாதக்கணக்காய் ஒருத்தரும் ஊரைப்பற்றி நல்லதாய் ஒரு கேள்வி கேக்காத மனுசர். மரை இறைச்சி வத்தலைத் தேனில ஊறப் போடுற விதத்தைச் சொல்லேக்க ஒருத்தருக்குக் கண் கலங்கிச்சு. உடன பக்கத்துப் பாய்க்காரர் எழும்பி வந்து, "எங்கட எருமைத் தயிரையும் எழுத வேணும்" எண்டு மல்லுக்கு நிண்டார்.

அப்ப சாப்பாடு அவையின்ர. போற பாதை, தோணி, சூரியன் எல்லாம் என்ர கைச்சரக்கு.

இது மனுசிக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது.

மாமி பென்சன் எடுத்த ரீச்சர். கலியாணம் பேசேக்க, "பெடியன் கந்தோரும் வீடும்தானாம், ஊருலகம் தெரியாதாம்" எண்டு மூஞ்சியைச் சுளிச்சவவாம். பிறகு மனுசி என்ர பத்தியை வெட்டி, யாழ்ப்பாணம் போற ஆக்களிட்டக் குடுத்துவிடத் தொடங்கினா. அதுக்குப் பிறகு வந்த ஒரு கடிதத்தில மாமி எழுதியிருந்தா, "மருமகனை நினைக்கப் பெருமையாயிருக்கு" எண்டு. ஏழு வருசத்தில என்னைப் பற்றி வந்த முதல் நல்ல சொல். நீங்களே சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல மனம் வருமோ?

சரி, பொலிசுக்கு வருவம்.

ஒரு மணித்தியாலம் லைனில நிண்டு எங்கட முறை வந்திட்டுது. மேசையில ஒரு சார்ஜன்ற். பக்கத்தில தமிழ் தெரிஞ்ச ஒரு கொன்ஸ்டபிள். அவர் சிங்களத்தில கேக்க, இவர் எங்களுக்குத் தமிழில சொல்லுவார்.

"எதுக்கு வந்தீங்க?"

"மகளைப் பாக்க" எண்டா மாமி.

"வீட்டுக்காரர் இவரா? என்ன வேல செய்யிறார்?"

நான் "கிளாக்" எண்டு சொல்ல வாயெடுக்க, மாமி முந்திக்கொண்டா.

"கந்தோரில வேலை. அதை விடுங்கோ. இவர் ஒரு எழுத்தாளர். இலங்கையில இவர் கால்படாத ஊரில்லை!"

கொன்ஸ்டபிள் சிரிச்சுக்கொண்டு மொழிபெயர்த்தார். சார்ஜன்ற் சிரிக்கேல்லை. பேனையை மேசையில வச்சார்.

"கொஹேத கியே?"

எங்க போனனீர் எண்டு கேக்கிறார். கடைக்காரரோட பேரம் பேசுற அளவுக்கு எனக்குச் சிங்களம் விளங்கும்.

"ஒரு இடமும் இல்லை, சேர்."

"பாத்தியளோ, அவருக்குத் தன்னடக்கம்!" எண்டு சொல்லிக்கொண்டு மாமி கைப்பையைத் திறந்தா. உள்ள இருந்து ஒரு அப்பியாசக் கொப்பி வந்துது. என்ர பத்தி எல்லாம் பசை போட்டு ஒட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு மையில தலைப்பு. "இது மன்னார். இது மூதூர். இது முல்லைத்தீவு..."

இயக்கத்தின்ர கையில இருந்த முல்லைத்தீவை மொழிபெயர்க்கத் தேவை வரேல்லை. லைனில எனக்குப் பின்னால நிண்டவர் ஒரு அடி தள்ளி நிண்டார்.

பயந்திட்டன். பகிடியாய்ச் சொல்லேல்லை. அந்த ஊர்ப் பேர் அடையாள அட்டையில இருந்ததுக்காக மாதக்கணக்கில உள்ளுக்கு இருந்த ஆக்களை எனக்குத் தெரியும். நானோ வலியப் போய் அச்சடிச்சு வச்சிருக்கிறன்!

சார்ஜன்ற் வாசிக்கச் சொன்னார். கொன்ஸ்டபிள் கணீரெண்டு வாசிச்சார்.

"'விடிய நாலு மணிக்கு, ஒருவருக்கும் தெரியாமல், தோணியில் களப்பைக் கடந்தேன்.'"

ஒருவருக்கும் தெரியாமல்! அதை ஏனப்பா போட்டனான்? கதை உறைப்பாய் இருக்கட்டும் எண்டு போட்டனான். இப்ப எனக்குத்தான் உறைச்சுது.

"'தோணிக்காரர் சிவலிங்கம் அண்ணை, தேனில் ஊறிய மரை வத்தலைத் தன் கையால் எனக்கு ஊட்டிவிட்டார்.'"

சார்ஜன்ற் தன்ர புத்தகத்தில பேரை எழுதினார். தனக்குத் தெரிஞ்ச அரைகுறைத் தமிழில தானே கேட்டார். "சிவலிங்கம் இப்ப எங்க?"

"அப்பிடி ஒரு ஆள் இல்லை, சேர்."

"இல்லாத ஆள் எப்பிடி ஊட்டின?"

நியாயமான கேள்வி.

"சேர், நான் அங்க போகேல்லை. சும்மா எழுதினது. பொய்."

"மருமகன்!" எண்டா மாமி. "ஏன் பயப்பிடுறியள்? எழுதினதை ஓம் எண்டு சொல்லுங்கோ! எழுத்தாளன் எண்டால் நெஞ்சை நிமித்தி நிக்க வேணும்!"

நெஞ்சை நிமித்தினால் நேர பொலிஸ் கூட்டுக்குள்ளதான் போகலாம் எண்டு மாமிக்கு எப்பிடிச் சொல்லுறது?

சார்ஜன்ற் தலையை ஆட்டினார். "இங்க வந்தாப்பிறகு எல்லாரும் போகேல்லை எண்டுதான் சொல்லுறது. மற்றதையும் வாசி."

கொன்ஸ்டபிள் பக்கத்தைப் புரட்டினார். முகம் மாறிச்சு.

"நீங்க மூதூருக்கும் போயிரிக்கீங்களா? நம்மட ஊரு மூதூர்தான்."

முடிஞ்சுது எண்டு நினைச்சன். அவர் வாசிச்சார்.

"'மூதூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் கடற்காற்று என்னை வரவேற்றது.'"

நிப்பாட்டினார். திருப்பி வாசிச்சார். "ரயில் நிலையத்தில்..."

பிறகு மேசையில ரெண்டு கையையும் ஊண்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "எங்கட ஊருக்கு ரயில் எங்க இரிக்கி? நாங்க ரயிலக் கண்ணால பாக்கணுமெண்டா லோஞ்சில ஏறிக் கடல் கடந்து திருகோணமலைக்குப் போகணும்!"

சார்ஜன்றுக்கு அதைச் சொன்னார். சார்ஜன்றின்ர மீசை ஒரு பக்கம் ஆடிச்சு.

பிழை விட்டதுக்காக நான் இவ்வளவு சந்தோசப்பட்டது அண்டைக்குத்தான். "இன்னும் வாசியுங்கோ, சேர்! அதில வேற பிழையும் இருக்கும்!"

"'முள் நீக்கிய மட்டியை...' மட்டிக்கு முள்ளா? சிப்பிக்குள்ள கிடக்கிற சாமானுக்கு முள்ளு எங்கால?"

"தெரியாது, சேர்! நான் மட்டியைக் கண்ணால கண்டதே இல்லை!" எண்டு பெருமையாய்ச் சொன்னன்.

மாமி என்னைத் திரும்பிப் பாத்தா. வகுப்பில பிள்ளை பாத்து எழுதிப் பிடிபட்டால் ரீச்சர் பாக்கிற பார்வை. அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

கொன்ஸ்டபிளுக்கு இப்ப உற்சாகம் வந்திட்டுது. முல்லைத்தீவுப் பக்கத்துக்கே திரும்பிப் போனார். "'அந்தி நேரம். முல்லைத்தீவுக் கடலுக்குள் சூரியன் மெல்ல இறங்குவதைப் பார்த்தபடி, கூனி இறால் சம்பலோடு புட்டுச் சாப்பிட்டேன்.'"

மொழிபெயர்ப்பைக் கேட்டதும் சார்ஜன்ற் சுவரில தொங்கின இலங்கைப் படத்தைத் திரும்பிப் பாத்தார். எழும்பிப் போய் விரலை வச்சார். "இது கிழக்குக் கடல். சூரியன் இங்கயிருந்து வாறது. இங்க எப்பிடிப் போற?"

"அது வெள்ளவத்தைக் கடல், சேர். எங்கட வீட்டு யன்னலால தெரியும். அதைப் பாத்துத்தான் எழுதினனான்."

"ஒக்கொம பொருத?" எல்லாம் பொய்யோ எண்டார்.

"ஒக்கொம பொரு, சேர்!" எண்டு கத்தினன். லைன் முழுக்கச் சிரிச்சுது.

சார்ஜன்றும் சிரிச்சுப்போட்டு, திடீரெண்டு கேட்டார். "அப்ப இந்தச் சாப்பாட்டு விசயம் எல்லாம் ஆர் உமக்குச் சொன்னது?"

எனக்கு லொட்ஜ் விறாந்தை கண்ணுக்கு முன்னால வந்துது. அந்தப் பாய்கள். அந்தத் தயிர்க்காரர். அவையின்ர பேர் இந்தப் புத்தகத்தில ஏறினால், பின்னேரம் லொட்ஜ் வாசலில பொலிஸ் ட்ரக் நிக்கும்.

"பஸ்ஸில ஆக்கள் கதைக்கிறது காதில விழும், சேர். முகம் ஒண்டும் ஞாபகமில்லை."

அவ்வளவு பொய்யையும் கைவிட்ட அண்டைக்கு, அந்த ஒண்டை மட்டும் விடேல்லை. இண்டைக்கும் அதுக்கு எனக்கு வெக்கமில்லை.

சார்ஜன்ற் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைக்க வேணுமாம். எழுதினன். "நான் மேற்படி ஊர்களுக்குப் போகவில்லை. மேற்படி உணவுகளைச் சாப்பிடவில்லை. மேற்படி சூரியன் வெள்ளவத்தையில் மறைந்தது."

அதுக்கொரு சீல். மாமியின்ர படிவத்துக்கொரு சீல்.

வாசல் மட்டும் கொன்ஸ்டபிள் எங்களோட வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அண்ணன், மட்டிக்கு முள்ளில்லதான். ஆனா அந்தத் தேங்காப்பால் ஆணத்தையும் புட்டையும் சரியா எழுதியிரிக்கீங்க. உம்மாட கைருசி ஞாபகம் வந்திட்டு. நான் ஊருக்குப் போயி ஒண்டர வருசம்."

அது என்ர ருசி இல்லை, கொட்டாஞ்சேனையில கிடக்கிற அவரின்ர ஊர்க்காரன்ர ருசி எண்டு சொல்ல வாய் வந்துது. விழுங்கிப்போட்டன்.

"ரயில மட்டும் வெட்டிருங்க" எண்டு சொல்லிப்போட்டு உள்ள போனார்.

காலி வீதிக்கு வந்ததும் மாமி கொப்பியை என்ர கையில திணிச்சா. குடையை விரிச்சுக்கொண்டு நேர நடந்தா. நான் பின்னால கொப்பியைக் காவிக்கொண்டு போனன்.

மனுசி கதவைத் திறந்தா. "பதிஞ்சாச்சோ, அம்மா?"

"ஓம். என்னையும் பதிஞ்சாச்சு, உன்ர மனுசன்ர பொய்யையும் பதிஞ்சாச்சு. ரெண்டுக்கும் சீல் அடிச்சவை."

அதுக்குப் பிறகு நாலு நாள் என்னோட கதை இல்லை. சோறு வரும், கறி வரும், சொல் வராது.

ஞாயிற்றுக்கிழமை நான் சேட்டு ஒண்டைப் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் வாசலுக்கு வந்தன். மாமி பேப்பருக்கு மேலால மூக்குக் கண்ணாடியோட பாத்தா.

"மருமகன், இந்தக் கிழமை எந்த ஊருக்குப் போகாமல் இருக்கப் போறியள்?"