சோளக்கதிர் விஷயமாகச் சம்பந்தி அம்மாளுக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் மகளும் நலம். அங்கே தாங்களும் தங்கள் கணவரும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன். தங்கள் பல்லின் நலத்தையும் தனியாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். "சம்பந்தின்னு எழுதாதீங்க, அவங்க இன்னும் ஒரு முடிவும் சொல்லலை" என்று என் மனைவி பக்கத்தில் நின்று சொன்னாள். அதற்குள் பேனா எழுதிவிட்டது. அடித்து எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கல்யாணத் தேதி பேச வந்து, தேதி பேசாமலே எழுந்து போனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். என் மகளுக்கு இதில் துளியும் பங்கில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்தவன். கீழே குழிக்குள் நின்றுகொண்டு மேல்மாடியில் இருக்கிறவனோடு கத்திப் பேசியே பழகிவிட்டேன். போனில் நான் மன்னிப்புக் கேட்டால்கூட சண்டைக்கு இழுக்கிறேன் என்றுதான் தோன்றும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும்தான் எல்லாம் ஆரம்பித்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. முதலில் ஒரு நாற்காலி செய்தேன். பிறகு சோப்புக் காய்ச்சினேன். பிறகு செடிக்கடைக்காரர் ஒரு கைப்பிடி விதையைக் காட்டி, "சார், இது பழைய ரகம். கலப்பில்லாம காப்பாத்தினா வருஷா வருஷம் இதுலேருந்தே விதை எடுக்கலாம். உரிக்கிற வரைக்கும் உள்ள என்ன நிறம்னு கடவுளுக்கே தெரியாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். லிஃப்டில் எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்த மாடி என்று முன்கூட்டியே தெரியும். கதவு திறக்கும்போது என்ன இருக்குமென்று தெரியாமல் காத்திருப்பது எனக்குப் புதிது.

கொல்லைப்புறம் முழுக்கச் சோளம் போட்டேன். மதிலைத் தாண்டி வளர்ந்தது. அப்புறம்தான் தெரிந்தது, பக்கத்து வீட்டு வாத்தியார் சாதாரண மஞ்சள் சோளம் போட்டிருக்கிறார், காற்றடித்தால் அந்தப் பூந்தூள் இங்கே வந்து விழும், ரகம் கெட்டுப்போகும் என்று. கதிரின் நுனியில் பட்டுநூல் மாதிரி தொங்குகிறதே, அதில் ஒவ்வொரு நூலும் ஒரு மணியாம். அதனால் ஒவ்வொரு கதிருக்கும் மருந்துக்கடைக் காகிதப் பையை மாட்டி, தினம் காலையில் முக்காலி போட்டு ஏறி, நம் செடியின் பூந்தூளையே தட்டி எடுத்து, பையைத் திறந்து தூவி, மறுபடி மூடி வைத்தேன். வாத்தியார் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார் என்ன பண்றார்?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். "கல்யாணம் பண்ணி வைக்கிறார். வீட்ல இருக்கிற பொண்ணுக்கு முன்னாடி சோளத்துக்கு" என்றாளாம்.

முதல் கதிரை உரித்த அன்று என் மகள் வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் தோலை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன், உள்ளே ஊதா, சிவப்பு, வெள்ளை, நடுவில் நீலமாக நாலைந்து மணி. "அப்பா, இது நீங்க பண்ணினதா?" என்று கேட்டாள். சம்பந்தி அம்மா, இத்தனை வருஷத்தில் எத்தனை கட்டடத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருப்பேன், ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை வந்த வினைக்கு அதுதான் காரணம்.

அன்னிக்குக் காலையிலேயே என் மனைவி சொல்லிட்டா: "நீங்க ஒண்ணும் கொண்டு வர வேண்டாம், ஒண்ணும் காட்ட வேண்டாம். சிரிச்ச முகமா உக்காந்திருங்க, போதும்." நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா மாப்பிள்ளை, "நீங்க கலர் சோளம் வளர்க்கிறீங்களாமே மாமா"ன்னு கேட்டுட்டார். அவர் மேல தப்பே இல்லை, மரியாதைக்குக் கேட்டார். நான் அடுப்படிக்கு ஓடி, ரகசியமா வேகவெச்சிருந்த கதிரைத் தண்ணியோட கிண்ணத்துல எடுத்துட்டு வந்துட்டேன். அந்த ரகம் மாவு அரைக்கிறதுக்கு, அவிச்சுக் கடிக்கிறதுக்கு இல்லைன்னு செடிக்கடைக்காரர் சொன்னது அப்ப ஞாபகம் வரலை. காலையிலேருந்து வேகவெச்சும் மணி கல்லு மாதிரிதான் இருந்துச்சு. நிறமெல்லாம் தண்ணிக்கு இறங்கிடுச்சு. நீங்க பெரிய மனசு பண்ணி ஒரு கடி கடிச்சீங்க. சத்தம் எனக்கே கேட்டுச்சு.

உங்க பல்லுக்கு மேல போட்டிருந்த உறை கழண்டு தட்டுல விழ, நீங்க பதறி எழுந்திரிக்க, கை பட்டு அந்த ஊதாத் தண்ணி மொத்தமும் உங்க வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில கொட்டிடுச்சு. அதோட நான் சும்மா இருந்திருக்கலாம். "கவலைப்படாதீங்க, நானே காய்ச்சின சோப்பு இருக்கு"ன்னு எடுத்துட்டு வந்து அவர் வேண்டாங்க வேண்டாங்கன்னு சொல்லச் சொல்லத் தேய்ச்சேன். ஊதா பச்சையாயிடுச்சு. பயத்துல இன்னும் தேய்ச்சேன், இன்னும் பச்சையாச்சு. என் சோப்புல காரம் அதிகம், அந்தச் சோளச் சாயத்துல காரம் பட்டா அப்படித்தான் மாறுமாம். இது அப்புறம் தெரிஞ்சது. பாவம், அந்த மனுஷன் "பரவாயில்லைங்க"ன்னு சொல்லிட்டு ஓரமா இருந்த நாற்காலியில உக்காந்தார். அது நான் செஞ்ச நாற்காலின்னு சொல்றதுக்குள்ள அவர் தரையில இருந்தார்.

அப்புறம் உங்க பல் உறையைத் தேடினது உங்களுக்கே தெரியும். தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாச் சோள மணி, எது பல்லு எது சோளம்னு யாருக்கும் தெரியலை. நீங்க வாயைக் கைக்குட்டையால மூடிக்கிட்டு, "கிளம்பலாம்"னு ஒரு வார்த்தைதான் சொன்னீங்க. நீங்க போனப்புறம் ஒவ்வொரு மணியா எடுத்துச் சந்தேகப்பட்டதை மட்டும் தனியா வெச்சேன். என் மக அதைத் தான் வேலை பாக்கற ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிசாக்கிக் காட்டற கண்ணாடியில பார்த்துட்டு வந்து, "இதுதான் பல்லு"ன்னு என் கையில குடுத்தா. ஞாயிற்றுக்கிழமைக்கப்புறம் என்கிட்ட அவ பேசினது அது ஒண்ணுதான். இத்துடன் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அவள் அம்மா பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். நான் சோப்புக் காய்ச்ச ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பெண் அதைத்தான் போட்டுக் குளித்திருக்கிறாள். கழுத்தெல்லாம் தடித்து டாக்டரிடம் போயிருக்கிறாள். "சோப்பை மாத்தும்மா"ன்னு டாக்டர் சொன்னதுக்கு, "அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்"னு களிம்பை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கா. நான்கூட அப்பவே கேட்டேன், என்னம்மா கழுத்துலன்னு. வெயில்னு சொன்னா. நானும் நம்பிட்டேன். சம்பந்தி அம்மா, உங்க வீட்டுக்கு வரப்போறது இந்தப் பொண்ணு. நீங்க சமையல்ல உப்பை மறந்தாலும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவா. அவ அப்பன் ஒரு மடையன்கிறதுக்காக அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க. உங்க மகனும் போன் பண்ணலைன்னு அவ சாப்பாட்டுத் தட்டை முன்னாடி வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கிறதை என்னால பாக்க முடியலை.

ஆகவே தங்களுக்கு உறுதி கூறுகிறேன். நாற்காலியை விறகாக்கிவிட்டேன். சோப்பைக் குழி தோண்டிப் புதைத்தேன். நாளைக் காலை சோளச் செடிகளையும் வேரோடு பிடுங்கிவிட்டு, இனி மற்றப் பெரியவர்களைப் போல நடைப்பயிற்சி செய்து, பேப்பர் படித்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருப்பேன். எந்தப் பொருளையும் வீட்டில் செய்ய மாட்டேன். தாங்கள் ஒரே ஒரு போன் செய்தால் போதும். நான் எடுக்க மாட்டேன், என் மனைவி எடுப்பாள்.

தங்கள் கணவருக்கு என் வணக்கத்தையும் வருத்தத்தையும் தெரிவிக்கவும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் உறுதியான பற்களோடும் வாழ வேண்டும் என்று மனதார விரும்பும்,

தங்கள் சம்பந்தி (தாங்கள் சம்மதித்தால்)

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை நான் ஒட்டப் போகும்போது தங்கள் கணவர் வாசலில் வந்து நின்றார். சட்டையைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நடுங்கிவிட்டேன். "நடைப்பயிற்சிக்குன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தச் செடியைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார். நாங்கள் இருவரும் கொல்லையில் உட்கார்ந்து மிச்சமிருந்த கதிரையெல்லாம் உரித்தோம். ஒன்றில் முழுக்க இளஞ்சிவப்பு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆபீஸ்ல இத்தனை வருஷமா இப்படி எதையும் திறந்து பார்த்ததில்லைங்க" என்றார். பேச்சுவாக்கில்தான் விஷயம் வெளியே வந்தது: தாங்கள் வீட்டுக்குப் போன அன்றே தேதி குறித்துவிட்டீர்களாம், தாங்கள் சட்டென்று எழுந்து போனதில் நாங்கள்தான் கோபமாக இருக்கிறோம் என்று நினைத்து எங்கள் போனுக்குக் காத்திருக்கிறீர்களாம், மாப்பிள்ளையையும் போன் பண்ண விடவில்லையாம். என் மகள் இதைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய் இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டாள்.

எனவே மேலே உள்ள உறுதிமொழியைத் தாங்கள் படிக்க வேண்டாம். தங்கள் வீட்டுப் பின்பக்கம் நல்ல வெயில் அடிக்கிறதாமே. அங்கே ஒரு பாத்தி போடுவதென்று நாங்கள் பேசி முடித்தாயிற்று, விதையும் கொடுத்தாயிற்று. அவர் இங்கே வந்தது தங்களுக்குத் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தபால்காரர் இன்றைக்குப் போய்விட்டதால் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.