கங்காரு சாரும் போகிப் புகையும்

பிறந்த குழந்தையைப் பார்த்து "யார் ஜாடை?" என்று கேட்காத ஒரே மனிதர் இந்தப் புதுச்சேரியிலேயே எங்கள் கங்காரு சார்தான். அவர் கேட்கிற கேள்வியே வேறு. "நுரையீரல் எவ்ளோ தூரம் வந்திருக்கு?"

மூலக்குளத்தில் எங்களுக்கு எதிர்வீடு. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்லூரி அவரை விட்டுவிட்டது. அவர் பாடத்தை விடவில்லை. மாணவர்கள் இல்லாததால் தெருவில் போகிறவர்களைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கேன் போட வந்தவர் ஒருநாள் மாட்டிக்கொண்டதில் எங்கள் வீட்டில் மத்தியானம் சோறு வேக மாலை ஆகிவிட்டது.

நான் அறிமுகம் செய்துகொள்ளப் போன அன்றே என்னையும் பிடித்துவிட்டார்.

"கங்காரு குட்டி பொறக்கறப்ப எவ்ளோ பெருசு இருக்கும், சொல்லுங்க?"

"ஒரு நாய்க்குட்டி அளவு இருக்குமா சார்?"

"மொச்சைக்கொட்டை அளவு! நுரையீரல்னு பேருக்கு நாலஞ்சு பை. உள்ள ஒரு தடுப்பு கெடையாது. அதை வெச்சுக்கிட்டு மூச்சு வாங்கி, அம்மா வயித்துப் பைக்குள்ள தானே ஏறிப் போவுது பாருங்க!" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை நான் என் மனைவியிடம் சொன்னேன், அவள் தெருவிடம் சொன்னாள், பெயர் ஒட்டிக்கொண்டது.

சாருக்குப் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவருடைய மாடு கன்று போட்டது. கன்று தள்ளாடி எழுந்து நின்றதும் மதில் மேலிருந்து கைதட்டல் கேட்டது. சார்தான். "மாடுன்னா மாடு! நுரையீரல்ல காத்து அறையெல்லாம் கட்டி, பெயின்ட் அடிச்சு அனுப்பியிருக்கு!" மல்லிகா அக்காவுக்குத் தன் மாட்டைப் புகழ்ந்ததில் பெருமைதான்.

அந்தப் பெருமை அக்காவின் பேத்திக்குப் பேர் வைக்கிற நாள் வரைதான் நீடித்தது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்த சார், கூடியிருந்த சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இது இன்னும் முடியல."

"இன்னா சார் முடியல? எம் பேத்தி முழுசாத்தான் கீது!"

"கோச்சுக்காதம்மா. மனுசப் புள்ள பால் காய்ச்சிக் குடி வந்துடுது. ஆனா மாடியில கொத்தனார் வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும். காத்து அறையில முக்கால்வாசி பொறந்தப்புறம்தான் வருது. எலிக்குஞ்சுக்கு அதுவும் இல்ல, வெறும் ஹால்தான். இப்படிக் கட்டிக்கிட்டு இருக்கற வூட்டுக்குள்ள யாராவது புகை போடுவாங்களா?"

கேட்டதோடு நிற்கவில்லை. குழந்தைக்குக் காட்ட வைத்திருந்த சாம்பிராணித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குப் பால் நின்றது. சார் கவலைப்படவில்லை. "மல்லிகாவுக்குத்தான் கோவம். மாட்டுக்கு என்மேல ஒண்ணும் இல்ல" என்றபடி கடுங்காப்பி குடித்தார்.

புகை எங்கே கிளம்பினாலும் அங்கே அவர் இருப்பார். குப்பை கொளுத்தினால் சண்டை, கொசுவர்த்தி ஏற்றினால் சண்டை. போகியன்று விடியற்காலையில் மஃப்ளரும் வாளியுமாக வாசலில் காவல் நிற்பார். தெருப் பையன்கள் டயரைத் தெருக்கோடிக்கு உருட்டிப் போவார்கள். அவரும் வாளித் தண்ணீர் தளும்பத் தளும்ப அங்கே ஓடுவார். இந்த ஓட்டம் இல்லாமல் எங்களுக்குப் போகியே கிடையாது.

போன மார்கழியில் அவர் மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. கேட்டருகே அவரைப் பார்த்து, "குழந்தை எப்படி சார் இருக்கு?" என்றேன்.

"பை பையாத்தான் இருக்கு. தடுப்பு இன்னும் எழும்பல" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். எலிக்குஞ்சைப் பற்றியே மணிக்கணக்கில் பேசுகிற மனிதர்! அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லி நான் வேண்டாத சாமி இல்லை. இப்போது அவர் பேசினால் போதும் என்றிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த என் மனைவி பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாகச் சொன்னாள். "அவரு பொண்ணு கண்ணசர்ற நேரத்துல சார்தான் சட்டையைக் கழட்டிட்டு பேத்திய நெஞ்சோட கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அதுக்கு நர்சு சொல்ற பேரு இன்னா தெரியுமா? 'கங்காரு கேர்'ராம்!"

குழந்தை தேறியது. போகிக்கு முதல் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் சார் இரண்டு கையிலும் வாளியோடு போருக்குப் புறப்பட்டு வந்தார். தெருவில் நெருப்பு இல்லை. பழைய பாயெல்லாம் குப்பை வண்டிக்காக மல்லிகா அக்கா வாசலில் அடுக்கிக் கிடந்தது. பிள்ளைகள் போகி மேளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"இன்னா, இன்னும் யாரும் கொளுத்தலையா?" என்றார் சார்.

"இந்த வருசம் தெருவுல நெருப்பு கெடையாது சார்" என்றார் மல்லிகா அக்கா. "உங்க வூட்டு மாடியில கொத்தனார் வேலை நடக்குதுல்ல?" சொல்லிவிட்டுப் பால் சொம்பை நீட்டினார்.

அதை வாங்க சார் வாளிகளைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நெஞ்சு நிறைந்தால் மட்டும் அந்தப் பிரெஞ்சு நன்றி வெளியே வரும். "மெர்சி, மல்லிகா. மெர்சி."

"பசங்க மேளம் மட்டும் அடிச்சுக்கட்டுமா சார்?"

"அடிங்க, அடிங்க! நுரையீரலுக்குக் காது கெடையாது!"

போன வாரம் அந்தக் குழந்தை எதற்கோ அழுதது. தெருமுனை வரை கேட்கிற அழுகை. வெளியே வந்து பார்த்தேன். அன்று கன்றுக்குட்டிக்குத் தட்டிய மாதிரியே சார் வாசலில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். நானும் இந்தப் பக்கம் நின்று தட்டினேன், பேத்திக்கும் அவருக்கும் சேர்த்து.